இடப்பக்கம் சாய்ந்த பிறை

புதன்கிழமை காலை மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் மேக்சினின் கார் நிற்கிறது. மேக்சின் எங்கள் ஊரான கேசியில் தீவனக் கடை வைத்திருப்பவள். எழுபது வயது, இடுப்பு வலி, ஓயாத வாய். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நோட்டரி முத்திரையும் வைத்திருப்பாள். கேசியைச் சுற்றி முப்பது மைலுக்குள் யார் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும் அவள் கண்ணெதிரில்தான் போட்டாக வேண்டும். யார் எதில் போட்டார்கள் என்று மட்டும் வெளியே சொல்ல மாட்டாள். மற்றதெல்லாம் சொல்லுவாள்.

அன்று உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

“திங்கக்கிழமை ஒரு தாள்ல முத்திரை குத்தினேன் வெர்னா. என்ன தாளு, யாரு கொண்டாந்தான்னு நான் சொல்லக் கூடாது. உங்க சூட்டுக்குறிய நீ புதுப்பிச்சியா இல்லியா, அதை மட்டும் சொல்லு.”

இல்லை என்றேன்.

எங்கள் மாடுகளின் தொடையில் சுட்டுப் போடுகிற குறி ஒரு பிறை, அதன் கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். இரண்டே இழுப்பில் முடிகிற குறி இன்றைக்கு வயோமிங்கில் புதிதாக யாருக்கும் கிடைக்காது. இப்போது கேட்டால் நாலைந்து எழுத்தைச் சிக்கலாகக் கோத்துத் தருவார்கள். கன்று வளர வளர அது தோலில் அப்பிக்கொண்டு, குறியா தழும்பா என்றே தெரியாது. எங்களுடையது என் கொள்ளுத்தாத்தா காலத்தது. அரை மைலுக்கு அப்பால் நிற்கிற பசுவின் தொடையைப் பார்த்து அது என்னுடையது என்று சொல்வேன். எத்தனை பசு என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் அப்படிக் கேட்பது, உன் சட்டைப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம்.

பத்து வருடத்துக்கு ஒரு முறை தலைநகர் ஷையானில் உள்ள அலுவலகத்தில் குறியைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் டிசம்பர் முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்கு மேல் அது யாருடையதும் இல்லை. யார் முதலில் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறாரோ அவருக்குப் போய்விடும். அந்த வருடம் முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை வந்தது, இன்னும் இரண்டே நாள்.

எனக்கு நோட்டீஸ் வரவில்லை, வரவும் முடியாது. போன தடவை புதுப்பித்தபோது அப்பா உயிரோடு இருந்தார். மகன் பெயரை முதலில் போட்டார், மகள் பெயரை அடுத்ததாகப் போட்டார். பண்ணையை நடத்தியது அப்போதும் மகள்தான், அதைச் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள். கடிதம் முதல் பெயருக்குத்தான் போகும். அதாவது என் தம்பி ராய்ஸுக்கு, அவன் எப்போதோ விட்டுவிட்டுப் போன ஒரு தபால் பெட்டிக்கு. விலாசத்தை மாற்றியிருக்க வேண்டியது நாங்கள். மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பேரும் பேச வேண்டும். ஒன்பது வருடமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

“பெட்டஸா?” என்று கேட்டேன்.

மேக்சின் கூரையைப் பார்த்தாள். அது போதும்.

கார்லண்ட் பெட்டஸ் எங்களுக்கு அடுத்த பண்ணைக்காரர். பத்து வருடத்துக்கு முன் வெளியூரிலிருந்து வந்து இடத்தை வாங்கினார். சர்ச் வாசலில் பார்க்கும்போதெல்லாம், “உங்க குறி எவ்வளவு லட்சணமா இருக்கு” என்பார். நானும் மடச்சி மாதிரி நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஷையானுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் பொறுமையாகவே சொன்னாள். பதிவில் இருக்கிற இரண்டு பேரும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட படிவம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வந்தால் போதும், ஒரு நிமிடம் பிந்தினாலும் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். மேக்சின் படிவத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். நான் வண்டிச் சாவியை எடுத்தபோது அவளும் முத்திரைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தாள். கடையைப் புருஷன் பார்த்துக்கொள்வான் என்றாள். அவளுடைய புருஷனுக்குக் கோழித் தீவனத்துக்கும் குதிரைத் தீவனத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று ஊரே அறியும்.

ராய்ஸ் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. என்ன செய்கிறான் என்று மட்டும் காதில் விழுந்திருந்தது. மாட்டுச் சந்தைகளில் குதிரை மேல் இருந்தபடி மாடுகளைப் பிரித்து ஏலக்களத்துக்குள் அனுப்புகிற வேலை. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். புதன்கிழமை என்றால் ரிவர்டன் சந்தை. காஸ்பரைத் தாண்டி, ஷோஷோனியைத் தாண்டி, பிற்பகல் இரண்டு மணிக்கு ரிவர்டனில் போய் இறங்கினோம். சந்தைக் கொட்டகை காலியாகக் கிடந்தது. புது வருடம் வருகிறது என்று சந்தையைச் செவ்வாய்க்கிழமைக்கே மாற்றிவிட்டார்களாம். ஒரு வயசாளி மட்டும் பட்டியில் சாணி தள்ளிக்கொண்டிருந்தார்.

ராய்ஸ் எங்கே என்று கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் சட்டென்று சொல்ல மாட்டார்கள். தேடி வருகிறவர் யார், எதற்கு என்று தெரியாமல் ஒரு மனிதன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது இங்கே அசிங்கம். அக்கா என்று சொன்ன பிறகு அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கள் குடும்பத்து மூக்கு எனக்கும் இருக்கிறது. டக்ளஸில் சேணக் கடையில் அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது என்றார்.

“கை இப்ப எப்படி இருக்கும்மா அவனுக்கு?” என்று கேட்டார்.

நல்லாத்தான் இருக்கு என்றேன். முழங்கால் எப்படி, இடுப்பு எப்படி என்று இந்த வயதுக்காரர்கள் கேட்பது வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த வழியே திரும்பி, இருட்டியதும் டக்ளஸில் அறை எடுத்தோம். மேக்சின் வழியெல்லாம் பேசினாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த மே மாதத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினாள். அவளும் அன்று அங்கே இருந்தவள். சமையல் மேசையில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா இறந்த பிறகு நான் நடத்திய முதல் சூடு அது. கன்றுகளுக்குச் சூடு போடும் நாளில் சுற்றுப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் வந்து கைகொடுப்பார்கள். குதிரை மேலிருந்து சுருக்குக் கயிறு வீசிக் கன்றை இழுத்து வருவது யார், கீழே புழுதியில் கிடந்து அதை அமுக்கிப் பிடிப்பது யார் என்பதைப் பண்ணைக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். கயிறு கேட்டு வாங்குகிற பொருள் கிடையாது. கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கயிறு கொடுத்தால் மரியாதை கொடுத்ததாக அர்த்தம், இருபது வீட்டுக்காரர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் ராய்ஸை மிஞ்சிக் கயிறு போட ஆள் இல்லை. அன்று அவன் இரண்டு மணி நேரம் பிந்தி வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாக வந்த பெட்டஸைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்தேன். தம்பியைப் பார்த்து, “நீ கீழ போய்க் கன்னு அமுக்கு” என்றேன்.

பெட்டஸ் ஐந்து வீச்சுக்கு ஒரு கன்று பிடித்தார். ராய்ஸ் சாயங்காலம் வரை கன்று அமுக்கினான். பிறகு குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன்தான். ஏன் பிந்தி வந்தாய் என்று நான் கேட்கவே இல்லை. வீம்பு எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அதை மட்டும் அவர் சரிபாதியாகப் பிரித்து இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வியாழக்கிழமை சேணக் கடை திறக்கும்வரை வாசலில் நின்றோம். ராய்ஸ் முதல் நாளே வந்து போய்விட்டானாம், லஸ்க்கில் யாருக்கோ காளைகளைப் பார்த்துக்கொள்கிறானாம், சாப்பாடெல்லாம் அங்கே ரயில்பாதை ஓரத்து ஓட்டலில்தானாம். காப்பியைக்கூட முடிக்காமல் கிளம்பினோம்.

லஸ்க்கில் அந்த ஓட்டலைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை, ஊரே இரண்டு தெரு. பரிமாறுகிற பெண் நடுத்தர வயது, கெட்டிக்காரி. ராய்ஸ் பெயரைச் சொன்னதும் காப்பிக் கூஜாவோடு அப்படியே நின்றாள்.

“நீங்க யாரு?”

“அவனோட அக்கா.”

“அவருக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லேன்னு சொல்லியிருக்காரே.”

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேக்சின் என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பெண்ணிடம் என் பிறப்பிலிருந்து ஆரம்பித்துக் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். கேட்டு முடித்ததும் அவள் மேசையைத் துடைத்தபடி, யாரையும் பார்க்காமல், நாளைக்கு டாரிங்டனில் வருடக் கடைசிச் சினைமாட்டுச் சந்தை, அங்கே வேலை செய்கிற எல்லாரும் மத்தியானமே இந்த வழியாகப் போய்விட்டார்கள் என்றாள். ராய்ஸ் எங்கே என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தோம்.

டாரிங்டன் ஒரு மணி நேரப் பாதைதான். ஊர் எல்லைக்குப் போனால் சாலையின் குறுக்கே தடுப்புக்கம்பை இறக்கிவிட்டிருந்தார்கள். காற்று பனியை வாரிச் சாலையில் கொட்டிக்கொண்டிருந்தது, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்து லஸ்க்கிலேயே அறை எடுத்தோம்.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. ராய்ஸின் கையெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூடத்தில் அவனுடைய வீட்டுப்பாடம் பாதி நான் எழுதியது. முதல் எழுத்துக்கு நீளமாக ஒரு வால் இழுத்து, அந்த வாலிலேயே கடைசி எழுத்தைக் கொண்டுவந்து முடிப்பான். தீவன ரசீதின் பின்பக்கம் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். பத்துத் தடவை போட்டேன். பத்தும் அவன் போட்டது போலவே இருந்தது. மேக்சின் தன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அழகாத்தான் போடற. ஆனா அவன் உக்காந்து போடறத என் கண்ணு பாக்கணும். பாக்காம நான் குத்தினதில்ல, நாப்பது வருஷமா.”

நான் கேட்கவே இல்லையே என்றேன். கேட்கப்போகிறாய் என்று சொல்லிவிட்டு, முத்திரைப் பையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டாள். ரசீதைக் கிழித்துப் போட்டேன். கோபம் அவள் மேலா என் மேலா என்று தெரியாமல் நெடுநேரம் முழித்துக்கொண்டு கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கும் தடுப்புக்கம்பு இறங்கியேதான் இருந்தது. எப்போது திறப்பீர்கள் என்று கேட்டால், அங்கே நின்றிருந்தவர் வானத்தைக் காட்டினார். பண்ணைகளுக்குள்ளே போகிற மண் பாதை ஒன்று கிழக்கே உண்டு என்று எனக்குத் தெரியும், அப்பாவோடு மாடு ஓட்டி வந்த பாதை. பள்ளத்தில் போவதால் அங்கே காற்று குறைவு, வேலிக் கதவுகள் அதிகம். எங்கள் நாட்டில் ஓட்டுகிறவர் இறங்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கிக் கதவு திறக்க வேண்டும். வயதும் இடுப்பு வலியும் அதற்குச் சலுகை ஆகாது. திறந்து கிடந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுவிட்டுப் போவது அதைவிடக் கட்டாயம்.

பதினான்கு கதவு. எல்லாம் முள்கம்பியைக் கழியில் கட்டிய கதவு. திறப்பது சுலபம், திரும்ப மூட மார்பை முட்டுக் கொடுத்து இழுக்க வேண்டும். முதல் நாலு கதவுக்கு மேக்சின் என்னைத் திட்டினாள். அடுத்த நாலுக்குப் பெட்டஸைத் திட்டினாள். அதற்குப் பிறகு திட்ட மூச்சில்லை. ஒன்பதாவது கதவில் நானே இறங்கப் பார்த்தேன். “உக்காருடி” என்று ஒரு அதட்டல் போட்டாள். பதினான்காவதை மூடிவிட்டு ஏறியபோது அவள் கோட்டு மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. இன்னும் இருக்கா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

ஒரு மணிக்கு டாரிங்டன் சந்தைக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே ஏலம் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கப் பட்டியில் ராய்ஸ் இருந்தான். சிவப்புக் குதிரை, தடித்த கையுறை, மீசை முழுக்க நரை. என் தம்பி கிழவனாகிவிட்டான், அது நடந்தபோது நான் அங்கே இல்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தேதி, ஐந்து மணி, பெட்டஸ், படிவம். அவன் மாடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடித்ததும்தான் என்னைப் பார்த்தான்.

“அந்தக் குறியில என் பேரும் இருக்குன்னு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துதாக்கா?”

அக்கா என்றுதான் சொன்னான். அது எனக்குப் போதும் போல இருந்தது. ஆனால் அவனுக்குப் போதவில்லை.

“அன்னிக்கு இருபது வீட்டுக்காரன் முன்னாடி எனக்குக் கீழதான் எடம்னு சொன்ன. இன்னிக்கு மூலையில வந்து காதுல ஓதற. அது உன் குறி, நீயே பாத்துக்க.”

குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மேக்சின் மணியைப் பார்த்தாள். ஒன்றேகால். ஷையானுக்கு ஒன்றரை மணி நேரம், இந்தக் காற்றில் இரண்டு. திரும்பிப் போகலாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடித்திருப்பேன். அவன் சொன்னதில் ஒரு சொல் கூடத் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிந்தது. இருபது வீட்டுக்காரர்கள் முன்னால் எடுத்ததை மூலையில் வைத்துத் திருப்பிக் கொடுக்க முடியாது. நான் நேரே ஏலக்களத்துக்குப் போனேன்.

வட்டமான களம், மணல் தரை, சுற்றிலும் படிகளில் இருநூறு தொப்பி. இரண்டு கும்பல் மாடுகளுக்கு நடுவே களம் காலியான நேரம் பார்த்துக் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு நடுவில் போய் நின்றேன். ஏலக்காரர் ஒலிபெருக்கியில், அடுத்ததாக ஓர் அம்மா வந்திருக்கிறார், வயது எடை எதுவும் சீட்டில் இல்லை, கேட்கிறவர்கள் பார்த்துக் கேளுங்கள் என்றார். கொட்டகை சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். மாடு வருகிற வாசலில் சிவப்புக் குதிரை தெரிந்தது.

“என் பேரு வெர்னா. கேசிக்கு மேக்க, பிறையும் கோடும் போட்ட மாடு எங்களோடது. ஒம்பது வருஷம் முன்னாடி எங்க சூட்டு அன்னிக்கு, என் தம்பி ராய்ஸுக்குக் குடுக்க வேண்டிய கயித்த வேற ஆளுக்குக் குடுத்தேன். அவனைக் கன்னு அமுக்கச் சொன்னேன். அவன் மேல தப்பில்ல, தப்பு என்னோடது. வர்ற மே மாசம் எங்க பண்ணையில மொதக் கயிறு அவனுக்கு.”

யாரும் சிரிக்கவில்லை, கை தட்டவும் இல்லை. இருநூறு பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புரியவில்லை. ராய்ஸ் குதிரையை இரண்டு அடி உள்ளே விட்டான். வலது கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். கையை எனக்குக் காட்டினான்.

கட்டைவிரல் இல்லை. இருந்த இடத்தில் வழவழவென்று தோல் மட்டும் இருந்தது.

எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கன்றின் மேல் கயிறு விழுந்த நொடியில் மறு முனையைச் சேணத்தின் கொம்பில் சுற்ற வேண்டும். சுற்றும்போது விரல் நடுவில் மாட்டினால், கன்று இழுக்கிற இழுப்பில் விரல் போய்விடும். எங்கள் ஊரிலேயே இரண்டு பேருக்கு இப்படிப் போயிருக்கிறது. அந்தக் கொட்டகையில் எல்லாருக்கும் ராய்ஸின் கை தெரியும். ரிவர்டன் பெரியவருக்குத் தெரியும். நல்லாத்தான் இருக்கு என்று அவருக்குப் பதில் சொன்னவள் நான்.

“நாலு வருஷமாச்சு” என்றான். “கயிறு இனிமே எனக்கு ஆவாது. குடுக்கறேன்னு சொன்னியே, அது வரைக்கும் சரி.”

அழ நேரமில்லை. திரும்பி, வந்த கதவு வழியாகவே வெளியே நடந்தேன். ஓடிப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். வண்டிக்குப் போய் இருக்கைக்குப் பின்னால் கைவிட்டேன்.

எங்கள் சூட்டுக்கோல் எப்போதும் என் வண்டியில்தான் இருக்கும். கொள்ளுத்தாத்தா அடித்த இரும்பு, என் இடுப்பு உயரம், நுனியில் பிறையும் கோடும். எங்கள் பண்ணையில் கயிறு வருகிறவர்களுக்கெல்லாம் மாறி மாறிப் போகும், இரும்பு மட்டும் ஒரே கையில் இருக்கும். அப்பாவால் நிற்க முடியாமல் போன வருடம் அதை என்னிடம் கொடுத்தார். முதல் பெயரை மகனுக்குக் கொடுத்தவர், இரும்பை எனக்குக் கொடுத்தார். பன்னிரண்டு வருடமாக எங்கள் கன்று ஒவ்வொன்றின் மேலும் அதை வைத்தது நான் மட்டும்தான். என்னை அந்தப் பண்ணைக்குச் சொந்தக்காரி என்று சொல்கிற பத்திரம் எனக்கு அதுதான்.

அதைத் தூக்கிக்கொண்டு களத்துக்குத் திரும்பினேன். ஏலக்காரர் இன்னும் அடுத்த மாட்டைக் கூப்பிடவில்லை. குதிரைக்குப் பக்கத்தில் போய்ப் பிடிப் பக்கத்தை ராய்ஸிடம் நீட்டினேன்.

“அப்போ நீ சூடு போடு. எடது கை இருக்குல்ல?”

“அது உன் வேலக்கா.”

“இதுவரைக்கும்.”

அவன் இறங்கினான். இடது கையால் வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஒரு முறை தூக்கித் தாழ்த்தினான். பிறையின் முனையில் ஒட்டியிருந்த பழைய கரியைக் கட்டைவிரலால் தேய்த்தான், அவனிடம் மிச்சமிருந்த ஒரு கட்டைவிரலால். அன்று சூட்டுக்கு வருகிற வழியில் ஒரு பண்ணைக்காரரின் குதிரை ஆற்றுச் சேற்றில் இறங்கிவிட்டது, அதை இழுத்துப் போட இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்றான். ஒன்பது வருடத்துக்கு முந்தைய பதில். கேட்டிருக்க வேண்டும் என்றேன். ஆமாம் என்றான்.

“தாளு எங்க?” என்று கேட்டான்.

ஏலக்காரர் பத்து நிமிடம் காப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்று அறிவித்தார். யாரும் போகவில்லை. களத்துக் கம்பி மேல் படிவத்தை வைத்தோம். நான் போட்டேன். ராய்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்தான். மேக்சின் மூக்கு தாளைத் தொடுகிற தூரத்தில் குனிந்து பார்த்தாள். முத்திரை குத்தப்போனால் மை உறைந்து கட்டியாக இருந்தது. பையைக் கோட்டுக்குள்ளே விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். இருநூறு ஆண்களும் ஓர் எழுபது வயதுக்காரி அக்குளில் மை உருகுவதற்காகக் காத்திருந்தார்கள். இரண்டாவது அழுத்தலில் விழுந்தது.

ராய்ஸ் வேலையை விட்டுவிட்டு வர முடியாது, இன்னும் முந்நூறு மாடு நின்றது. சூட்டுக்கோலை என்னிடம் திருப்பித் தர நீட்டினான். வைத்துக்கொள், மே மாதம் கொண்டு வா என்றேன்.

ஷையான் வரை வண்டி காற்றில் அலைபாய்ந்தது. ஒரு லாரி பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த இடத்தில் அரை மணி நேரம் நின்றோம். மேக்சின் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாலே முக்காலுக்கு அலுவலகக் கதவைத் தள்ளினேன்.

போனில் பேசிய பெண்தான். படிவத்தை வாங்கி, பழைய அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். என் கையெழுத்தைத் தாண்டினாள். ராய்ஸ் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது. அட்டையில் நீள வால் இழுத்த அந்தக் கையெழுத்து. படிவத்தில் கோழி கிளறினாற்போல் கோணல்மாணலாக நாலு எழுத்து. இரண்டும் ஒரே ஆள் போட்டது மாதிரி இல்லையே அம்மா என்றாள். நான் லஸ்க்கில் ரசீதின் பின்னால் போட்டது எத்தனை கச்சிதமாகப் பொருந்தியிருக்கும் என்பது ஞாபகம் வந்தது. பொய் ஒரு கேள்வியும் இல்லாமல் உள்ளே போயிருக்கும், உண்மை வாசலில் நின்றது.

மேக்சின் கிழிந்த கோட்டோடு மேசை மேல் சாய்ந்தாள்.

“நாப்பது வருஷமா நான் பாக்காம குத்தினதில்ல. எந்தக் கையால போட்டான், ஏன் அந்தக் கையால போட்டான், அவன் அக்கா அதுக்கு என்ன குடுத்தா, எல்லாம் சொல்றேன். பதினாலு கதவு இருக்கு, மொதக் கதவுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?”

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். மேக்சினைப் பார்த்தாள். கட்டைவிரல் போன விஷயத்தை மட்டும் நாலு வரியில் எழுதி வாங்கிக்கொண்டு, தேதி முத்திரையைக் குத்தினாள். நாலு ஐம்பத்திரண்டு.

மே மாதம் ராய்ஸ் ஒரு நாள் முன்னதாகவே வந்தான். சுற்றுப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். பெட்டஸும் வந்தார். வேலி ஒன்றாக இருக்கும்போது அவரைக் கூப்பிடாமல் இருக்க முடியாது, அவராலும் வராமல் இருக்க முடியாது. குதிரையோடு வந்து இறங்கி, கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“நீங்க கீழ போய்க் கன்னு அமுக்குங்க” என்றேன்.

போனார். இருபது வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள்.

ராய்ஸ் நெருப்பிலிருந்து இரும்பை இடது கையால் எடுத்தான். முதல் கன்றில், பழக்கமில்லாத கை, அழுத்தும்போது ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பிறை இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இரும்பைத் திரும்ப வாங்க என் கை துடித்தது. பின்னால் கட்டிக்கொண்டேன்.

“அடுத்தது” என்றேன்.

அந்த வருடத்துக் கன்றுகளெல்லாம் இன்று வயதான பசுக்கள். சந்தைக்குப் போகும்போது புதிதாக வருகிற மாட்டு ஆய்வாளர்கள் தொடையைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டுவார்கள். பிறை கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே, இது உங்களுடையதுதானா என்று கேட்பார்கள்.

என்னுடையதுதான், என் தம்பி போட்டது என்பேன்.